முக்கொம்பு: வெள்ளம் வடிந்த பிறகு விழுந்த அணை

2018 ஆகஸ்டு 22, புதன்கிழமை. பக்ரீத் விடுமுறை. திருச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் இருக்கும் முக்கொம்புக்கு விடுமுறை நாள் என்றாலே கூட்டம்தான். பூங்கா, மரநிழல், கட்டுச்சோறு, அணைமேல் நின்று வேடிக்கை. அந்தக் கூட்டம் வீடு திரும்பிய பிறகு, இரவு எட்டு மணியளவில், கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற மேலணையின் தென்பகுதியில் மதகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. தூண் சாய, தூணைப் பிடித்திருந்த கதவு சாய, இரண்டையும் இணைத்த நடைபாலமும் கூடவே இறங்கியது. தென்பகுதியில் மொத்தம் 45 மதகுகள். அவற்றில் 6 முதல் 14 வரை ஒன்பது போயின. உயிர்ச்சேதம் இல்லாதது நல்ல நேரம்.

அணை உடைவது நம் நாட்டில் புதிய செய்தி அல்ல. இந்த உடைப்பில் என்னை உறுத்துவது அது நடந்த வேளை. அதற்கு நான்கைந்து நாட்களுக்கு முன்புதான் கொள்ளிடம் கரைபுரண்டு ஓடியது. மேட்டூரிலிருந்து மட்டும் நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. அந்த வெள்ளத்தின் பெரும்பகுதி இந்த அணையின் மதகுகள் வழியாகத்தான் போயிற்று. அப்போது அணை நின்றது. வரத்து வெகுவாகக் குறைந்து, ஆறு தணிந்து, இனி பயமில்லை என்று எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு விழுந்தது.

அடுத்த நாள் முதல் கேட்ட விளக்கங்களில் பெரும்பாலானவை இந்த முரணைத் தொடவே இல்லை. 182 வயது அணை, பெருவெள்ளம், தாங்கவில்லை என்றது ஒரு தரப்பு. மணலை அள்ளி ஆற்றைக் கெடுத்துவிட்டார்கள் என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் வயதான அணை வெள்ளத்தின் உச்சத்தில் விழாமல் வடிந்தபின் ஏன் விழ வேண்டும்? ஆற்றின் குணத்தை அறிய அந்தக் கேள்வி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

ஒரு நதி, இரண்டு ஆசைகள்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் திருவரங்கம் தீவு. கீழே கல்லணைக்கு அருகில் இரண்டும் மீண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. பெயரைப் பார்த்தால் காவிரிதான் தாய், கொள்ளிடம் கிளை. ஆற்றைக் கேட்டால் வேறு பதில் சொல்லும். கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், கடலுக்குப் போகும் வழியும் நேர். தண்ணீருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? கட்டுப்பாடு எதுவும் இல்லாவிட்டால் முழு நதியும் கொள்ளிடத்தில் போவதையே விரும்பும். காவிரியின் வாய் மணல் மூடி மெல்ல மேடாகும், தஞ்சை காயும்.

இதை முதலில் அறிந்தவர்கள் கல்லணை கட்டியவர்கள். கரிகாலன் கட்டியதாக மரபு சொல்லும் அந்த அணையின் வேலை, நாம் பள்ளியில் படித்ததுபோல் தண்ணீரைத் தேக்குவது அல்ல. திருவரங்கம் தீவின் கடைக்கோடியில், காவிரித் தண்ணீர் இடையில் இருக்கும் உள்ளாற்றின் வழியாகக் கொள்ளிடத்துக்குச் சரிந்து ஓடிவிடாமல் தடுப்பதே அதன் வேலை. தண்ணீர் எந்தப் பக்கம் விழத் துடிக்கிறது என்று தெரிந்தவர்கள் அங்கே கல்லைப் போட்டிருக்கிறார்கள்.

கல்லணை கீழ்வாயை அடைத்தது. மேல்வாய் திறந்தே கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் விளைவு முற்றிவிட்டது. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது, வெள்ளக்காலம் தவிர மற்ற நாட்களில் தண்ணீர் கொள்ளிடத்துக்கே போனது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தஞ்சையின் நிலவரி தேவை, ஆகவே தஞ்சைக்குத் தண்ணீரும் தேவை. ஆண்டுதோறும் மணலை வாரி, கரையைக் கட்டி, செலவு செய்து அலுத்த பிறகு, கேப்டன் ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பிலேயே ஒரு சுவரை எழுப்பினார். அதுதான் மேலணை. அதே ஆண்டில் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது.

சுவர் என்றால் பெரிய கோட்டைச் சுவர் இல்லை. ஐந்து அடி முதல் ஏழு அடி வரைதான் உயரம். அதன் அடியில் பாறை இல்லை, எவ்வளவு தோண்டினாலும் மணல். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைத் தாம் இந்நாட்டுப் பழைய கட்டுமானங்களைப் பார்த்தே கற்றதாகக் காட்டன் ஒளிக்காமல் எழுதி வைத்தார். உறைகிணறுகளை மணலில் இறக்கி, அவற்றின் தலையில் செங்கல், சுண்ணாம்புத் தளம் போட்டு, அதன்மேல் சுவர். சுவருக்குக் கீழ்ப்புறத்தில், தாண்டி விழும் தண்ணீர் மணலைக் குடையாதபடி கல் பரப்பு. மணல் மேல் மிதக்கும் கட்டடம் என்றே சொல்லலாம்.

(காட்டனுக்குக் கோதாவரிக் கரையில் கிடைத்த மரியாதையை நினைத்துக்கொள்கிறேன். தவுளேசுவரம் அணைக்காக அங்கே தர்ப்பணத்தில் அவர் பெயரைச் சொல்வோர் உண்டு. காவிரிக்காரர்கள் நாம் கரிகாலனோடு நிறுத்திக்கொண்டோம்.)

மேலணை கட்டியதும் ஆறு பதில் சொன்னது. இப்போது தண்ணீர் காவிரிக்குள் அளவுக்கு மீறிப் பாய்ந்தது. காவிரியின் தரை அரித்துக்கொண்டு ஆழமாயிற்று, கொள்ளிடம் மணல் மேடிட்டது. ஆபத்து வடக்கிலிருந்து தெற்குக்கு மாறியது. பத்தாண்டுக்குள், 1840களில், மேலணையின் நடுப்பகுதி உயரத்தைக் குறைத்தார்கள், காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு தடுப்புச்சுவரைப் போட்டார்கள். ஆற்றோடு நடந்த பேச்சுவார்த்தை என்றே இதைக் கொள்கிறேன். ஒரு தரப்பு இரண்டடி விட்டுக்கொடுத்தது, மறுதரப்பு ஓரளவு அடங்கியது. பின்னாளில் தூண்கள், இரும்புக் கதவுகள், மேலே பாலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2018இல் நாம் பார்த்தது பல தலைமுறைப் பொறியாளர்கள் ஒட்டுப்போட்டு வைத்திருந்த கட்டடம். கொள்ளிடத்தின் பக்கம் தெற்கே 45, வடக்கே 10, ஆக 55 மதகுகள். காவிரியின் பக்கம் 41.

1924இல் நின்றது

வயதைக் காரணம் சொல்பவர்கள் 1924ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஜூலையில் காவிரியில் வந்தது இன்றுவரை பேசப்படும் பெருவெள்ளம். மேட்டூர்ப் பகுதியில் உச்சம் நொடிக்கு 4.56 லட்சம் கன அடி என்று பதிவாகியிருக்கிறது. அப்போது மேட்டூர் அணையே கிடையாது, வந்த வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த நடுவில் எதுவும் இல்லை. 2018இல் வந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மேலணை நின்றது. அதற்கு அப்போது 88 வயது.

1934இல் மேட்டூர் அணை வந்ததும் ஆற்றின் சுபாவமே மாறியது. 120 அடி வரை தண்ணீர் நிற்கும், 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கொள்ளளவு. வெள்ளத்தின் முதல் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். டெல்டா விவசாயி ஜூன் 12ஐக் காலண்டரில் குறித்துவைத்துக் குறுவை போடப் பழகினான். இது நமக்கு நன்கு தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத மறுபக்கம் மணல். மேலிருந்து ஆறு கொண்டுவரும் மணலும் வண்டலும் நீர்த்தேக்கத்தில் தங்கிவிடுகின்றன. கதவு வழியாகக் கீழே வருவது மணலைக் கீழே இறக்கிவைத்துவிட்டு வரும் தண்ணீர். அதற்கு மணலைச் சுமக்கும் சக்தி அப்படியே இருக்கிறது, சுமைதான் இல்லை. வழியில் கிடைக்கும் ஆற்றுத்தரையை அரித்து அந்தச் சுமையை ஏற்றிக்கொள்ளும். போன மணலுக்குப் பதில் மணல் வருவது குறையும்.

அதோடு லாரிகளும் சேர்ந்தன. கொள்ளிடத்தில் அரசு குவாரிகளும் அனுமதியில்லாத குழிகளும் எவ்வளவு மணலை எடுத்தன என்பதில் கணக்கைவிடச் சண்டையே அதிகம். வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயின. கணக்கு எப்படியிருந்தாலும், திருச்சிக்கு அருகே கொள்ளிடப் பாலங்களின் அடித்தளம் வெளியே தெரியும் அளவுக்குத் தரை இறங்கியதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாலத்தூணில் பழைய நீர்க்கோடு ஒரு நிறமாகவும், அதற்குக் கீழே, முன்பு மணலுக்குள் இருந்த பகுதி வேறு நிறமாகவும் இருக்கும். அந்த இரண்டாவது நிறத்தின் உயரம்தான் ஆறு இழந்த மணல்.

வறண்ட ஆற்றில் வந்த வெள்ளம்

2017இல் திருவரங்கம் அம்மா மண்டபத்தில் ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் இல்லை. புதுமணத் தம்பதிகள் தாலிக்கயிறு மாற்ற வந்த படித்துறையில் மாநகராட்சி ஷவர் குழாய் வைத்தது. காவிரியில் ஷவர்! அதற்கு முந்தைய பருவத்தில் மழை பொய்த்து, டெல்டாவில் பயிர் கருகி, உயிர்கள் போன துயரம் இன்னும் ஆறவில்லை.

அடுத்த ஆண்டே எல்லாம் தலைகீழ். மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டியது. கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிறைந்தன. 2018 ஜூலை 19 அன்று மேட்டூர் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. ஜூலை 23 அன்று, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 120 அடியை எட்டியது. அந்த ஆண்டு ஆடிப்பெருக்குக்கு இரு கரையும் தொட்டு ஓடிய தண்ணீரைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் பலர்.

ஆகஸ்டு நடுவில் இரண்டாவது வெள்ளம். கேரளத்தை மூழ்கடித்த அதே மழைதான். வயநாட்டில் விழும் மழை கபினி வழியாகக் காவிரிக்கு வரும் என்பதை அந்த வாரத்தில் பலர் முதல்முறையாகக் கவனித்தார்கள். மேட்டூர் ஏற்கெனவே விளிம்பு வரை நிறைந்திருந்ததால் வந்ததை வந்தபடியே வெளியே விட வேண்டியதாயிற்று. நொடிக்கு இரண்டு லட்சம் கன அடி என்பது எவ்வளவு? ஒரு நாளைக்கு 17 டி.எம்.சி.க்குச் சற்று மேல். அந்த வேகத்தில் வெறும் மேட்டூர் அணையை ஐந்தரை நாளில் நிரப்பிவிடலாம். பவானியிலும் அமராவதியிலும் வந்ததைச் சேர்த்துக்கொண்டு அது முக்கொம்புக்கு வந்தது.

அங்கே வந்த தண்ணீரைக் காவிரிக்குள் விட முடியாது. கல்லணையிலிருந்து பிரியும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றும் சேர்ந்தாலும் சில பத்தாயிரம் கன அடிக்கு மேல் தாங்காது. ஆகவே வெள்ளம் என்றால் கொள்ளிடம்தான். டெல்டாவின் வடிகால் அது. 55 மதகுகளையும் தூக்கி, கடலுக்கு விட்டார்கள். கடைசியில் கடலோரத்தில், ஆற்றுக்குள்ளேயே இருக்கும் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் போன்ற திட்டுக் கிராமங்களில் வீடும் தோட்டமும் நீரில் நின்றன. அதே வாரத்தில் நாகை, திருவாரூர் கடைமடை விவசாயிகள் தங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று சாலையில் உட்கார்ந்தார்கள். இரண்டும் உண்மை. ஆற்றில் தண்ணீர் இருப்பதற்கும் வயலில் தண்ணீர் இருப்பதற்கும் இடையே எத்தனை தூர்வாராத வாய்க்கால்கள் இருக்கின்றன என்பதற்கு அந்த வாரமே சாட்சி.

முதல் எச்சரிக்கை மேலணையில் வரவில்லை. திருச்சி நகருக்கு வடக்கே 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தில் வந்தது. புதிய பாலம் திறந்துவிட்டதால் பழையதில் அப்போது பெரிய வாகனங்கள் போகவில்லை. ஆகஸ்டு 18ஐ ஒட்டிய நாட்களில் அதன் தூண்கள் சில கீழே இறங்கின. தூணின் உடல் நொறுங்கவில்லை, தூண் நின்றிருந்த மணல் நழுவியது. ஆற்றுத்தரை என்ன நிலையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதே ஆற்றில், அதே மணலில், சில கிலோமீட்டர் மேலே மேலணை.

ஏன் வடிந்த பிறகு?

மணல் மேல் நிற்கும் அணைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று மேலே ஓடும் தண்ணீர். மற்றது கீழே கசியும் தண்ணீர். நாம் அஞ்சுவது முதலாவதை. அணையைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவது.

மதகு மூடியிருக்கும்போது மேற்புறம் தண்ணீர் உயரமாக நிற்கிறது, கீழ்ப்புறம் தாழ்ந்திருக்கிறது. இந்த உயர வேறுபாடு தளத்துக்கு அடியில் இருக்கும் மணல் வழியாகத் தண்ணீரைத் தள்ளுகிறது. தள்ளும் விசை குறைவாக இருந்தால் தண்ணீர் மட்டும் கசியும், அது தெளிவாக இருக்கும், கவலையில்லை. விசை ஒரு வரம்பைத் தாண்டினால், கீழ்ப்புறத்தில் தண்ணீர் வெளியே வரும் இடத்தில் மணலும் கூடவே பொங்கும். கலங்கிய ஊற்று. ஆற்றங்கரையில் வேலை பார்த்த எந்த லஸ்கருக்கும் (மதகைக் கவனிக்கும் ஊழியர்) அதன் பொருள் தெரியும். ஒரு பிடி மணல் வெளியே வந்தால் அந்த இடத்தில் ஒரு பிடி வெற்றிடம். அந்த வெற்றிடம் கசிவின் பாதையைச் சுருக்குகிறது, பாதை சுருங்கினால் விசை கூடுகிறது, கூடினால் இன்னும் மணல் வருகிறது. இப்படிக் குழாய்போல ஒரு துளை கீழிருந்து மேல்நோக்கி, அதாவது கீழ்ப்புறத்திலிருந்து மேற்புறம் நோக்கி, தளத்துக்கு அடியில் குடைந்துகொண்டே போகும். மேலே நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தளம் உட்குழிந்த பிறகும் தன் பழைய இறுக்கத்தில் கொஞ்ச நாள் நிற்கும்.

இனி வெள்ளத்தின் உச்சத்தை நினைத்துப் பாருங்கள். மதகுகள் எல்லாம் மேலே. அணைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் ஏறத்தாழ ஒரே மட்டத்தில், அணையே நீருக்குள் முழுகியதுபோல. உயர வேறுபாடு சொற்பம், ஆகவே அடியில் தள்ளும் விசையும் சொற்பம். கீழ்ப்புறத்துத் தண்ணீரின் பாரம் தளத்தை மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பார்க்க அச்சமூட்டும் அந்த நேரம், அடித்தளத்தின் கோணத்திலிருந்து பார்த்தால், ஓரளவு இளைப்பாறும் நேரம். ஆனால் அந்த நாட்களில் தண்ணீர் வேறொரு வேலை செய்கிறது. கல் பரப்பின் விளிம்பில் சுழன்று, கற்களைப் புரட்டி, அதற்கப்பால் பள்ளம் பறிக்கிறது.

வெள்ளம் வடிகிறது. கீழ்ப்புறத்து மட்டம் மளமளவென்று இறங்குகிறது. தரையே பல அடி இறங்கிப்போன ஆற்றில் அது 1924இல் இறங்கியதைவிடக் கீழே போகும். அதே சமயம் காவிரிக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும், டெல்டா கேட்கிறது. கொள்ளிடத்து மதகுகளை இறக்குகிறார்கள். மேற்புறத்து மட்டம் நிற்கிறது. உயர வேறுபாடு ஒரேயடியாகக் கூடுகிறது. தளத்தை அழுத்திய தண்ணீர் போய்விட்டது, தாங்கிய கல் பரப்பு நான்கு நாட்களுக்கு முன்பே புரண்டுவிட்டது, அடியில் எவ்வளவு குழிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அணை தன் வாழ்நாளின் மிகக் கடினமான சோதனைக்குள் நுழைவது அப்போதுதான்.

இது என் வாசிப்பு. ஆனால் வெறும் ஊகம் அல்ல, இதற்கு முன்னோடி உண்டு. கங்கையின் குறுக்கே நரோராவில் இருந்த அணை 1898 மார்ச் 29 அன்று உடைந்தது. மார்ச் மாதம் கங்கையில் வெள்ளம் ஏது? ஆறு ஒடுங்கிக் கிடந்த நாளில், மேற்புறம் 13 அடித் தண்ணீரைத் தேக்கி நின்றபோது, அடியில் மணல் குடைந்து தளம் பெயர்ந்தது. அந்த உடைப்புதான் பொறியாளர்களை உலுக்கியது. மணல் மேல் கட்டும் அணைக்குத் தளம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், கசியும் தண்ணீர் எவ்வளவு தூரம் ஊர்ந்தால் அதன் விசை அடங்கும் என்று பிளை என்ற பொறியாளர் வகுத்த விதியும், 1930களில் இன்னொரு பொறியாளரான கோஸ்லா அதைத் திருத்தி, கீழ்ப்புறத்து விளிம்பில் ஆழமான வெட்டுச்சுவர் (கசிவை மறிக்க மணலுக்குள் செங்குத்தாக இறக்கும் சுவர்) கட்டாயம் என்று காட்டிய கோட்பாடும் பின்னர் வந்தவை. காட்டனின் உறைகிணறுகள் அவற்றுக்குப் பல பத்தாண்டுகள் முந்தியவை. அவர் காலத்துத் தரைமட்டத்துக்கு அந்த ஆழம் போதுமானதாக இருந்தது. தரைமட்டம் இறங்கும் என்று அவர் கணக்கில் எடுத்திருக்க வழியில்லை. லாரியை அவர் பார்த்ததில்லை.

ஆகவே வயதா, வெள்ளமா, மணலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மணல் என்பேன். அதை வெறும் திருட்டு வழக்காகச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேட்டூர் நிறுத்திவைத்த மணலும் உண்டு, குவாரி எடுத்த மணலும் உண்டு. இரண்டும் சேர்ந்து ஆற்றின் தரையை இறக்கின. இறங்கிய தரை, வெள்ளம் வடியும் ஒவ்வொரு முறையும் அணையின் மேல் ஏறும் சுமையைக் கூட்டியது. வறட்சியான ஆண்டுகளில் அந்தச் சுமை வரவில்லை, அதனால் தெரியவில்லை. 2018இல் ஒரே பருவத்தில் இரண்டு முறை வெள்ளம் ஏறி, இரண்டு முறை வடிந்தது.

உடைந்த பிறகு

உடைந்த இடத்தின் முன்னால் இருந்த அவசரம் விசித்திரமானது. அணை உடைந்தால் கீழே இருக்கும் ஊர்கள் மூழ்குமோ என்பது வழக்கமான அச்சம். கொள்ளிடத்தில் அந்த அச்சம் குறைவு, இதைவிடப் பெரிய வெள்ளம் போய் நான்கு நாட்கள்தான் ஆகியிருந்தன. இங்கே அச்சம் மறுபக்கம்: கொள்ளிடத்தில் ஓட்டை விழுந்தால் காவிரிக்குத் தண்ணீர் ஏறாது. சம்பா தொடங்கும் நேரம். 1836க்கு முன் இருந்த நிலை ஒரே இரவில் திரும்பிவிட்டது. சவுக்குக் கட்டைகளை அடித்து, மணல் மூட்டைகளை அடுக்கி, நிற்காத இடத்தில் பாறாங்கற்களைக் கொட்டி, ஆட்கள் இரவும் பகலும் வேலை பார்த்தார்கள். கொட்டியதில் ஒரு பகுதியை ஆறு எடுத்துக்கொண்டது. மூட்டைக்குள் கொள்ளிடத்து மணல், அதை அடுக்கியது கொள்ளிடத்துப் பள்ளத்தில்.

முதலமைச்சராக இருந்த எடப்பாடி கே. பழனிசாமி நேரில் வந்து பார்த்து, புதிய கதவணை கட்டப்படும் என்று அறிவித்தார். 387.60 கோடி ரூபாய் மதிப்பில் பணி தொடங்கி, புதிய கதவணை எழுந்தது. மதகுகளின் எண்ணிக்கை பழையதே: தெற்கே 45, வடக்கே 10. இக்காலக் கதவணை எதுவும் அடியில் ஆழமான வெட்டுச்சுவர் இல்லாமல் கட்டப்படுவதில்லை, எனவே காட்டனின் கிணறுகளைவிட இதன் கால் ஆழத்தில் ஊன்றியிருக்கும். அணையைப் பற்றிய கவலை அந்த அளவுக்குத் தீர்ந்தது.

ஆற்றைப் பற்றிய கவலை தீரவில்லை. 2024 ஜூலை இறுதியில் மேட்டூர் மீண்டும் நிறைந்து கொள்ளிடத்தில் தண்ணீர் திறக்கப்பட்டது. 2018இல் வந்ததைவிடக் குறைந்த வெள்ளம். திருச்சி அருகே கொள்ளிடப் பாலத்தின் தூண்களைக் காக்க ஆற்றின் குறுக்கே சுமார் 6.5 கோடி ரூபாயில் கட்டிய தடுப்புச்சுவரின் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. பாலத்துக்கு அருகே ஆற்றுக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் சாய்ந்து விழுந்தது. புதுச்சுவர், இரும்புக் கோபுரம். இவற்றுக்கு வயதாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

மேட்டூரின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு ஆகியவை நாள்தோறும் நாளிதழில் வருகின்றன. டீக்கடையில் அதை வாய்விட்டுப் படித்து அலசும் ஊர் நம் ஊர். கொள்ளிடத்தின் தரைமட்டத்தை முக்கொம்பிலிருந்து கீழணை வரை ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தில் ஆறு வற்றியதும், பாலத்துக்குப் பாலம் அளந்து இதேபோல் வெளியிடுவதற்குப் பெரிய செலவு ஆகாது. பொதுப்பணித் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் அளக்கத் தெரியும். மதகுகளை எந்த வேகத்தில் இறக்கலாம் என்பதை அந்த அளவை வைத்தே தீர்மானிக்க வேண்டும்: தரை இறங்கிய ஆண்டில், வெள்ளம் வடியும்போது, கதவை ஒரே நாளில் மூடாமல், கீழ்ப்புறத்து மட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக. காவிரிக்குத் தண்ணீர் இரண்டு நாள் தாமதமாகும். கடைமடைக்காரர் கோபப்படுவார், அவர் கோபம் நியாயமானதும்கூட. அவரிடம் தரைமட்டக் கணக்கைக் காட்டித்தான் பேச முடியும், இப்போது காட்ட அந்தக் கணக்கு பொதுவெளியில் இல்லை.